கதை வழியே தமிழ் தந்த முனிவர்

(இரண்டாம் ஆண்டு இளநிலை இயற்பியல் மாணவி)

அவிநாசியில் பிறந்தவர்களுக்குத் தமிழ் முதன்முதல் கதையாகத்தான் செவியில் விழுகிறது. முதலையுண்ட பாலகனைச் சுந்தரர் பாடி மீட்ட வரலாற்றை என் அமுச்சி எத்தனை முறை சொல்லியிருப்பார் என்பதற்குக் கணக்கில்லை. அவருக்குக் கையெழுத்துப் போடவும் தெரியாது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். குளம், கரை, முதலை, பிள்ளை ஆகிய சொற்களை நான் எந்த நூலிலும் கற்கவில்லை. அந்தக் கதையில் கற்றேன். கதை கேட்ட பிள்ளைக்கு மொழி தானே வரும் என்பதைக் கடல் கடந்து வந்த ஒருவர் ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே கண்டுகொண்டார். அவர்தாம் வீரமாமுனிவர்.

இத்தாலி நாட்டில் காஸ்திலியோனே என்னும் ஊரில் 1680ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் பிறந்தவர் இவர். இயற்பெயர் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. 1698இல் இயேசு சபையில் சேர்ந்தார். 1710இல் கோவாவில் வந்திறங்கி, அங்கிருந்து மதுரைப் பகுதிக்கு வந்தபோது அவருக்கு முப்பது வயது. முப்பது வயதுக்குமேல் ஒரு புதுமொழி! நாக்கு வளையாத ழகரம், வல்லின றகரம், எங்கே மிகும் எங்கே மிகாது என்று நம்மையே திணறடிக்கும் சந்தி. தமிழ் வழியில் பயின்றுவிட்டு ஆங்கிலத்தில் இயற்பியல் நூலைத் திறந்தபோது முதற்பக்கத்திலேயே எனக்கு வியர்த்தது. அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

ஆனால் அவர் கற்றார். கற்றதோடு நில்லாமல் கரை கண்டார். தைரியநாதர் என்று பெயர் பூண்டு, பின்னர் வீரமாமுனிவர் என்று போற்றப்பெற்றார். கோனான்குப்பத்திலும் ஏலாக்குறிச்சியிலும் கோயில் எழுப்பினார். சூசையப்பரை வளன் என்னும் தமிழ்ப் பெயரால் பாடி, 3,615 பாடல்களில் தேம்பாவணி என்னும் காப்பியம் செய்தார். தொன்னூல் விளக்கம் என்று ஐந்திலக்கணமும் எழுதினார். 1732இல் அவர் தொகுத்த சதுரகராதி, நிகண்டுகளை மனப்பாடம் செய்து வந்த நாட்டில் அகர வரிசையில் சொல் தேடும் வழியைத் திறந்தது. குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்தார். எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடு கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும்படி எழுத்தைத் திருத்தியவரும் அவரே என்பர். இவையெல்லாம் நம் தமிழ்ப் பாடநூலில் உள்ளவை. தேர்வுக்கு எழுதுகிறோம், மறக்கிறோம்.

என் நெஞ்சைத் தொட்டது வேறொன்று. காப்பியம் பாடிய அதே கையால் அவர் பரமார்த்த குருவின் கதையை எழுதினார். எதற்காக? தமக்குப் பின் வரும் ஐரோப்பியத் துறவியர் பேச்சுத் தமிழ் பழகுவதற்காக! கடைத்தெருவிலும் வயல் வரப்பிலும் மக்கள் பேசும் தமிழுக்கு 1728இல் அவர் இலத்தீனில் தனி இலக்கணமே எழுதியிருந்தார். சமயக் கொள்கையில் அவரோடு ஓயாது மோதிய தரங்கம்பாடி லுத்தரன் அச்சகத்தாரே அந்நூலை 1738இல் அச்சிட்டனர் என்பது வியப்பு. ஆயினும் இலக்கணம் மட்டும் போதாது, படிப்பவன் சிரிக்கவும் வேண்டும் என்று முனிவர் கருதினார் போலும். அகராதியோடு சேர்த்து, இலத்தீன் மொழிபெயர்ப்புடன் கதையையும் தந்தார்.

மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்று குருவுக்கு ஐந்து சீடர்கள். அயல்நாட்டானைக் குறிக்கும் மிலேச்சன் என்ற சொல்லையும் அந்த முட்டாள்களுள் ஒருவனுக்கு, அயல்நாட்டவரான அவரே சூட்டினார் பாருங்கள்! ஆறு தூங்குகிறதா என்று கொள்ளிக்கட்டையால் சோதிக்கிறார்கள். கரையேறியதும் எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ண, ஆறு பேர் ஐவராகிறார்கள். வழிப்போக்கன் ஒருவன் காசு வாங்கிக்கொண்டு, முதுகில் ஆளுக்கோர் அடி வைத்து எண்ணிக் காட்டுகிறான். கதை முடிவதற்குள் படிப்பவனுக்கு எண்கள் மனப்பாடம். குரு குதிரையிலிருந்து விழுந்த கதையிலோ, பட்டியலில் உள்ளதை மட்டுமே எடுப்போம் என்று சீடர்கள் அடம் பிடிக்கிறார்கள். தலைப்பாகை தொடங்கி ஒவ்வொன்றாகப் படித்தால்தான் எடுப்பார்கள்; குருவின் பெயரையும் எழுதினால்தான் குருவைத் தூக்குவார்கள். உடுப்பின் பெயர்கள் எல்லாம் வந்துவிடுகின்றன, பாடம் என்று தெரியாமலே. 1822இல் பெஞ்சமின் பாபிங்டன் இக்கதையை ஆங்கில மொழிபெயர்ப்போடும் சொற்பட்டியலோடும் இலண்டனில் அச்சிட்டார். தமிழ் கற்கும் ஆங்கிலேயர் கைக்கும் அது போய்ச் சேர்ந்தது.

இதை நான் நூலில் மட்டும் அறிந்தேனில்லை. எங்கள் லைன் வீட்டுக்கு அடுத்த வீட்டில் ஒடிசாவிலிருந்து வந்த குடும்பம் இருக்கிறது. தகப்பனும் தாயும் பனியன் கம்பெனிக்குப் போகிறார்கள். மகள் மூன்றாம் வகுப்பு. வகுப்பில் வாய் திறப்பதில்லை. பள்ளிக்கே போகமாட்டேன் என்று காலையில் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். படிப்பை நிறுத்திவிடலாமா என்று அவள் தாய் என் அம்மாவிடம் கேட்டார். நான் சொல்லித் தருகிறேன் என்று முன்வந்தேன். பன்னிரண்டு உயிர், பதினெட்டு மெய் என்று இரண்டு வாரம் எழுத வைத்தேன். குழந்தை அழுதது, எனக்கும் சலிப்பு. குற்றம் என்னுடையது.

பிறகுதான் முனிவர் நினைவுக்கு வந்தார். ஐந்து புளியங்கொட்டைகளைச் சீடர்களாகவும் ஒரு பெரிய கொட்டாங்குச்சியைக் குருவாகவும் திண்ணையில் வைத்தேன். ஒவ்வொரு சீடனாக எண்ணினோம். எண்ணுகிற கொட்டையை மட்டும் விட்டுவிட்டோம். மூன்றாம் முறை அவள் பொறுக்கமாட்டாமல், விடுபட்ட கொட்டையைத் தொட்டு, தமிழில் ஆறு என்று கத்தினாள். அவள் வாயிலிருந்து நான் கேட்ட முதல் தமிழ்ச் சொல் அது. தேம்பாவணியினும் இச்சிறு கதையே பெரிது என்று நான் சொன்னால் தமிழ்த்துறை ஆசிரியர்கள் பொறுத்தருள வேண்டும்.

முனிவர் 1747 பிப்ரவரி 4ஆம் நாள் கேரளத்து அம்பழக்காட்டில் மறைந்தார். 1968இல் உலகத் தமிழ் மாநாட்டையொட்டிச் சென்னைக் கடற்கரையில் அவருக்குச் சிலை எழுந்தது. நான் இன்னும் நேரில் பார்க்கவில்லை.

குதிரை முட்டை என்று நம்பிப் பூசணிக்காய் வாங்கிய கதை சென்ற ஞாயிறு முடிந்தது. குரு இறந்துபோகும் கடைசிக் கதையை மட்டும் நான் அவளுக்குச் சொல்லவில்லை. நாள்தோறும் பள்ளி விட்டு வந்ததும், குருவின் குதிரை இப்போது எங்கே போகிறது என்று கேட்கிறாள். நானும் அவிநாசித் தேர்வீதி, சேவூர் சாலை, திருப்பூர் என்று ஊர் ஊராக ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.