கடன்பட்டோரைத் தேடிய கலீஃபா

ஜகாத் பெறத் தகுதியுடையோர் எட்டுப் பிரிவினர் என்பதை மதரஸாவில் ஓதும் பிள்ளையும் அறியும். அவ்வெட்டில் கடன்பட்டோரும் ஒரு பிரிவினர். ஆனால், கடன்பட்டவர் என்று யாரைக் கொள்வது, அவருக்கு எதுவரை கொடுப்பது, கொடுத்தபின் அவர் தம் காலில் நிற்க என்ன வழி என்பதையெல்லாம் எண்ணிப் பார்த்து, அரசாங்கக் கட்டளையாகவே எழுதி அனுப்பிய ஒருவரைச் சரித்திரம் நமக்குக் காட்டுகிறது. அவர்தாம் உமையாக்களின் எட்டாவது கலீஃபா, ஹழ்ரத் உமர் இப்னு அப்துல் அஜீஸ் (ரஹ்) அவர்கள்.

அன்னார் ஹிஜ்ரி 61ஆம் ஆண்டையொட்டி மதீனாவில் பிறந்தார்கள். தந்தையார் மிஸ்ரின் ஆளுநர். தாயார் இரண்டாம் கலீஃபா ஹழ்ரத் உமர் (ரலி) அவர்களின் பேத்தி. செல்வத்தில் புரண்ட இளமை. அவர்கள் பூசும் அத்தரின் மணமும், உடுத்தும் ஆடையின் நேர்த்தியும், நடக்கும் நடையும் மதீனத்து இளைஞர்கள் பார்த்துப் பழகுமளவுக்குப் பேர்பெற்றிருந்தன. கி.பி. 706இல் அதே மதீனாவுக்கு ஆளுநராக வந்தபோது, மார்க்கச் சட்டம் அறிந்த பத்துப் பேரை அழைத்து, அவர்களைக் கலக்காமல் எதையும் முடிவு செய்வதில்லை என்று ஏற்பாடு செய்துகொண்டார்கள். பின்னாளில் நிகழ்ந்த மாற்றத்தின் வித்து அங்கேதான் விழுந்தது என்பது என் எண்ணம்.

கி.பி. 717இல், ஹிஜ்ரி 99இல், கிலாஃபத் அவர்கள் தோளில் வந்து விழுந்தது. விரும்பிக் கேட்ட பதவியன்று. ஊர்வலத்துக்கென்று கொண்டுவந்த அரசக் குதிரைகளை விற்றுப் பைத்துல்மாலில் சேர்க்கச் சொன்னார்கள். தம் கைவசமிருந்த நிலங்களைத் திருப்பிக் கொடுத்தார்கள். உறவினர்கள் பிடித்து வைத்திருந்த சொத்துகளிலும் கை வைத்தார்கள். குடும்பமே முகம் சுளித்தது. துணைவியார் ஃபாத்திமா, கலீஃபா அப்துல் மலிக்கின் மகள். தந்தை சீராகத் தந்த விலைமதிப்பற்ற நகைகள் அவரிடம் இருந்தன. அவற்றைப் பைத்துல்மாலில் சேர்ப்பதா, தம்மைப் பிரிவதா என்று கணவர் கேட்டபோது, அம்மையார் நகைகளைக் கழற்றிக் கொடுத்தார்.

இப்படிச் சேர்ந்த பணத்தை என்ன செய்தார்கள் என்பதில்தான் நாம் கற்க வேண்டியது மிகுதி. கூஃபாவின் ஆளுநர் அப்துல் ஹமீதுக்கு, மக்களுக்குரிய உதவித்தொகையைக் கொடுத்துவிடுமாறு எழுதினார்கள். கொடுத்தபின்னும் பணம் மீந்திருப்பதாகப் பதில் வந்தது. ஊதாரித்தனத்தாலன்றிக் கடனில் விழுந்தவர்களைத் தேடிக் கடனை அடைக்கச் சொன்னார்கள். பிறகும் மீதம். மணமுடிக்க விரும்பியும் கையில் காசில்லாத இளைஞர்களைத் தேடி மஹர் கொடுக்கச் சொன்னார்கள். பிறகும் மீதம். ஜிஸ்யா செலுத்தும் முஸ்லிமல்லாத குடியானவர்களில், உழுவதற்கு வசதியின்றித் தளர்ந்தவர்களுக்கு நிலத்தைப் பயிரிடும் அளவுக்குக் கடன் கொடுக்கச் சொன்னார்கள். அதற்கு அவர்கள் எழுதிய காரணம்: இம்மக்கள் ஓராண்டுக்கோ ஈராண்டுக்கோ மட்டும் நமக்கு வேண்டியவர்கள் அல்லர்.

ஒவ்வொரு கடிதத்திலும் தேடிப் பாருங்கள் என்ற கட்டளை வருவதைக் கவனிக்க வேண்டும். தேவைப்பட்டவர் வாசலில் வந்து நிற்கட்டும் என்று கலீஃபா காத்திருக்கவில்லை. உழவனுக்கு ஒருவேளை உணவு கொடுத்து அனுப்பவும் இல்லை. ஏரைக் கையில் கொடுத்தார்கள்.

கடனடைப்பு பற்றி ஓர் அதிகாரி ஐயம் கேட்டு எழுதினார். சிலரிடம் வீடிருக்கிறது, பணியாள் இருக்கிறான், குதிரையிருக்கிறது, வீட்டுச் சாமான்களும் இருக்கின்றன. இவர்களையும் கடன்பட்டோர் கணக்கில் சேர்ப்பதா என்று கேட்டார். மனிதனுக்குத் தங்க ஒரு வீடும், வேலைக்கு ஓர் ஆளும், ஏறிச் செல்ல ஒரு குதிரையும், புழங்கச் சாமான்களும் இல்லாமல் முடியாது. அவரும் கடன்பட்டவரே, அடைத்துவிடுங்கள் என்று பதில் போயிற்று. நம் உதவிக்குழுக் கூட்டங்களிலும் இந்தக் கேள்வி எழாமலில்லை. வீட்டில் குளிர்பெட்டி இருக்கிறதே, கையில் நல்ல கைப்பேசி இருக்கிறதே என்று விண்ணப்பத்தை ஒதுக்கி வைப்போர் உண்டு. பிழைப்புக்கு வேண்டியதையும் விற்றுவிட்டு வா என்று சொன்னால், வருகிறவர் மறுபடி எழுவது எப்படி? ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே தீர்ந்துபோன வழக்கு இது.

ஷாம் நாட்டு நகரங்களிலிருந்து பார்வையற்றோர், நெடுநோயாளர், அநாதைகள் ஆகியோரின் பதிவுகளைத் தருவித்தார்கள். பார்வையற்றவருக்குக் கைபிடித்து நடத்திச் செல்ல ஓர் ஆளும், நோயாளர் இருவருக்கு ஒரு பணியாளும் அமர்த்தச் செய்தார்கள். சிறைவாசிகளுக்கு ஸதகா நிதியிலிருந்து உணவு தர வேண்டும், நின்று தொழ முடியாதபடி விலங்கிடக் கூடாது என்று எழுதினார்கள். சமர்கந்து ஆளுநருக்கு வழிப்போக்கர் சத்திரங்கள் அமைக்கச் சொன்னார்கள். அங்கே பயணிக்கு ஒரு பகலும் ஓர் இரவும் விருந்தோம்பல். நோயுற்றவருக்கு அது இருமடங்கு. கையிருப்புத் தீர்ந்து நிற்பவருக்கு ஊர்போய்ச் சேரும் செலவு. பஸராவின் ஆளுநர் அதீக்கு எழுதிய கடிதம், உழைக்க இயலாத முதிய திம்மிகளுக்குப் பைத்துல்மாலிலிருந்து மானியம் வழங்கச் சொல்கிறது.

நிதி சுருங்கும் என்று எச்சரித்த அதிகாரிகளும் இருந்தார்கள். புதிதாக இஸ்லாத்தைத் தழுவியவர்களிடமும் ஜிஸ்யா வாங்கும் வழக்கத்தை அன்னார் நிறுத்தியபோது, வருவாய் குறையுமே என்று கலங்கினார்கள். கலீஃபா அதற்கு இணங்கவில்லை. அநியாயமாக வந்த பணத்தில் அறம் செய்ய அவர்கள் விரும்பவில்லை.

ஆப்பிரிக்காவுக்கு ஜகாத் வசூலிக்கச் சென்ற யஹ்யா இப்னு ஸயீத், வாங்குவதற்கு ஏழைகள் அகப்படாமல், அந்தப் பணத்தில் அடிமைகளை வாங்கி விடுதலை செய்ததாக ஒரு வரலாறு உண்டு. மேடைகளில் இதை அடிக்கடி கேட்கிறோம். ஏழையே இல்லாத உலகம் என்று சொல்லி மகிழ்வதோடு நின்றுவிடுகிறோம். ஏழை இல்லையென்றதும் பணத்தைத் திருப்பி அனுப்பாமல் அடுத்த தேவை எது என்று அந்த அதிகாரி பார்த்தாரே, எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது.

இரண்டரை ஆண்டுகள்கூட நிறையவில்லை. ஹிஜ்ரி 101 ரஜபில், கி.பி. 720இல், ஷாமில் தைர் ஸம்ஆன் என்னுமிடத்தில் அன்னார் வபாத்தானார்கள். வயது நாற்பதை ஒட்டியிருந்தது. நஞ்சூட்டப்பட்டார்கள் என்று வரலாற்றாசிரியர் பலர் எழுதியுள்ளனர். அடுத்து ஆட்சிக்கு வந்த இரண்டாம் யஸீத் பழைய பாதைக்கே திரும்பினார். ஒரு மனிதரின் நெஞ்சுரத்தில் மட்டும் நின்ற ஏற்பாடுகள், அம்மனிதரோடு சாய்ந்தன. ஆள் மாறினாலும் நிற்கும்படியான வக்ஃபுகளையும் மருத்துவமனைகளையும் பின்வந்த நூற்றாண்டுகள்தாம் கட்டி எழுப்பின.

யஸீத், ஃபாத்திமா அம்மையாரின் உடன்பிறந்தார். சகோதரியின் நகைகள் பைத்துல்மாலில் அப்படியே இருந்தன. வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பினார். கணவர் உயிரோடிருந்தபோது மனமுவந்து கொடுத்ததை, அவர் மறைந்தபின் திரும்பப் பெறமாட்டேன் என்று அம்மையார் மறுத்துவிட்டார். யஸீத் அவற்றைத் தம் வீட்டாருக்குப் பங்கிட்டுக் கொடுத்தார்.