60 வயதில் 385 கி.மீ. நடை... காந்திக்கு அந்தத் தெம்பு எப்படி வந்தது?
1930-ல் சபர்மதியில் இருந்து தண்டிக்கு சுமார் 385 கி.மீ. நடந்தபோது காந்திக்கு வயது 60. லண்டனில் சட்டம் படிக்கும்போதும் அந்தப் பழக்கம் இருந்தது. வண்டிக்காசை மிச்சம் பிடிக்க தினமும் பல மைல் நடந்தார், மசாலாவையும் குறைத்தார்.

ஆனா எல்லாமே சரியாகப் போகவில்லை. 1912-ல் பாலையே விட்டார். 1918-ல் கேடா மாவட்டத்தில் நிலக்கடலையையும் எலுமிச்சையையும் நம்பி ஊர் ஊராக அலைந்தவருக்கு வயிற்றுக்கடுப்பு வந்தது. பிழைப்பாரா என்ற நிலை. அப்பவும் பால் வேண்டாம்னு பிடிவாதம்! சபதத்தில் ஆட்டுப்பால் இல்லையே என்று கஸ்தூர்பா மடக்க, இறங்கி வந்தார். உடம்பு தேறியது, மன உறுத்தல் மட்டும் போகவில்லை.

1948 ஜனவரி 30 மாலை அவர் சாப்பிட்டதிலும் ஆட்டுப்பால் இருந்தது. அதன்பிறகு பிரார்த்தனைக் கூட்டத்துக்கு நடந்தே கிளம்பினார்.