சகோதரி சுப்புலக்ஷ்மி அம்மாள்

வறுமைக்குக் காரணம் கையிற் பொருளின்மை ஒன்றே என்று பலரும் எண்ணுகிறார்கள். பொருளை இழந்தவர் ஒரு தொழிலறிந்தவராயின் நாளை மீண்டும் ஈட்டிக்கொள்வார். தொழிலறியாதவரோ பிறர் இடும் சோற்றை எதிர்நோக்கியே ஆயுளைக் கழிக்க நேரும். இவ்வுண்மையைத் தம் வீட்டிலேயே கண்டு, அதற்கு மாற்றுத் தேடுவதிலேயே வாழ்நாளைச் செலவிட்ட சகோதரி சுப்புலக்ஷ்மி அம்மாளின் சரித்திரத்தை இம்மாதம் எடுத்துக்கொண்டோம். ஐஸ் ஹவுஸோடு இணைத்து அவரை அறிந்தோர் பலர். நமது தாம்பரத்தை அடுத்த மாடம்பாக்கத்தோடும் அவருக்குத் தொடர்பு உண்டென்பதை நம் அங்கத்தினரிற் சிலரே அறிவர்.

அம்மையார் 1886-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 18-ஆம் தேதி மயிலாப்பூரிற் பிறந்தார். தந்தையார் தஞ்சை ஜில்லா ரிஷியூர் சுப்பிரமணிய ஐயர், அரசாங்க உத்தியோகஸ்தர். தாயார் விசாலாக்ஷி அம்மாள். அக்கால வழக்கப்படி இளம்பிராயத்திலேயே பெண்ணுக்கு விவாகம் நடந்தது. சிறிது காலத்திற்குள் கணவர் காலமானார். மணவாழ்க்கை இன்னதென்று அறியுமுன்னரே அக்குழந்தை விதவையானாள்.

அந்நாளில் நம்மவர் வீடுகளில் பால்ய விதவையின் நிலை யாதென்பதை ஒளிக்காமற் சொல்லுதல் நம் கடமை. தலைமயிரைக் களைந்தார்கள், நற்காரியங்களில் அவள் முகம் படலாகாதென்றார்கள், ஒருவேளை உணவே போதும் என்றார்கள். அடுப்பங்கரை வேலை முழுவதும் அவள் தலையில் விழுந்தது. ஆயினும் அவ்வேலை ஒரு காசும் ஈட்டித் தராது. பெற்றோர் மறைந்தபின் அவளைக் காக்கவும் மாட்டாது. குலம் உயர்ந்ததென்று பேசிக்கொண்ட வீட்டிலேயே, உலகத்தில் எவ்விடத்தும் உரிமையற்றவளாய் ஒருத்தி இருந்தாள்.

சுப்பிரமணிய ஐயர் தம் மகளை அக்கதிக்கு விடவில்லை. ஊராரின் பழிச்சொல்லுக்கு அஞ்சாமற் படிக்க வைத்தார். இளமையிலேயே விதவையாகி அவ்வீட்டில் வாழ்ந்த சிற்றன்னை வாலாம்பாள் துணையாக நின்றார். அம்மையார் 1911-ஆம் ஆண்டில் பிரஸிடென்ஸி கல்லூரியிலிருந்து பட்டம் பெற்றார். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் ஹிந்து மாது அவரே என்பர்.

பட்டம் பெற்றவுடன் அவர் மனம் தம்மைப் போன்ற பிற பெண்களிடத்துச் சென்றது. அக்காலத்துப் பெண் பள்ளிக்கூடங்களுக்கு இருந்த பெருங்குறை உபாத்தியாயினிகள் இல்லாமை. ஆண் உபாத்தியாயரிடம் பெண் குழந்தைகளை அனுப்பப் பெற்றோர் இசையார். மிஷன் பள்ளிகளுக்கு அனுப்பவும் பலர் தயங்கினர். ஒருபுறம் ஆள் வேண்டிக் காத்திருக்கும் பள்ளிகள். மறுபுறம் வேலையும் மதிப்புமின்றி வீட்டு மூலையில் வாடும் இளம் பெண்கள். இவ்விரண்டையும் இணைத்து, இடையிலிருந்த பள்ளத்தைப் பயிற்சி என்னும் மண்ணிட்டு நிரப்புவதே அம்மையார் கண்ட வழி. பெண் பள்ளிகளின் இன்ஸ்பெக்ட்ரஸாக இருந்த மிஸ் லிஞ்ச் என்னும் ஐரிஷ் மாது அதற்குப் பெருந்துணை புரிந்தார். 1912-இல் எழும்பூரிலிருந்த தந்தையாரின் வீட்டிலேயே நான்கு பால்ய விதவைகளை வைத்துக்கொண்டு அப்பணி தொடங்கிற்று. சாரதா மாதர் சங்கமும் அவ்வாண்டிலேயே தோன்றியது.

தொகை பெருகவே இடம் போதவில்லை. 1917-இல் கடற்கரையிலுள்ள ஐஸ் ஹவுஸ் அவ்விடுதிக்குக் கிடைத்தது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842-இற் கட்டப்பட்டு, 1897-இல் விவேகாநந்த சுவாமிகள் தங்கிய அக்கட்டிடம் இன்று விவேகானந்தர் இல்லம் எனப் பெயர் பெற்றுள்ளது. 1914-இல் ஏற்பட்ட பெண்கள் கல்லூரி, பின்னர் ராணி மேரி கல்லூரி எனப்பட்டது, அதே கடற்கரையில் இருந்தமையால் மேற்படிப்பும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

இங்கே அம்மையாரின் மீது சாட்டப்படும் ஒரு குறையையும் கூறவேண்டும். அவ்விடுதி பிராமண விதவைகளுக்கென்றே ஏற்பட்டது. சமையலிலும் ஆசாரத்திலும் பழைய நியமங்களே அங்கே அனுசரிக்கப்பட்டன. சீர்திருத்தக்காரர் இதனைப் பிற்போக்கு என்றனர். வைதிகரோ விதவை படிப்பதே அநாசாரம் என்றனர். இருதரப்பார் கண்டனத்தையும் அவர் பொறுமையோடு ஏற்றார். நியமம் தவறுமென்ற ஐயம் சிறிது எழுந்தாலும் பெற்றோர் பெண்ணை அனுப்பமாட்டார். பெண் வராவிடிற் கல்வி யாருக்கு? இக்கணக்கிலே நியாயம் உண்டு. ஆயினும், அவ்வாசலில் நுழைய முடியாமற் போன பிற வகுப்பு விதவைகளும் பலர் இருந்தனர் என்பதை நாம் மறத்தலாகாது.

அம்மையாரும் அதனை மறந்தாரல்லர் என்பதற்கு அவர் பிற்காலச் செயல்களே சாட்சி. ஐஸ் ஹவுஸின் எதிரே கடலோரக் குப்பத்திலிருந்த மீனவர் குழந்தைகளுக்கு ஒரு பள்ளி நடத்தினார். 1922-இல் லேடி வில்லிங்டன் போதனா கலாசாலை ஏற்பட்டபோது அதன் தலைமை அவரிடம் வந்தது. பட்டம் பெற்றவர்க்கு ஒன்று, நடுத்தரப் பள்ளிகளிற் போதிப்பவர்க்கு ஒன்று, எட்டாம் வகுப்பு மட்டும் தேறியவர்க்கு ஆரம்பப் பள்ளி உபாத்தியாயினிகளாவதற்கு ஒன்று என அங்கே மூன்று படிகளில் பயிற்சி நடந்தது. குறைவாகப் படித்தவளையும் தள்ளிவிடாமல், அவள் நிற்கும் படியிலேயே ஒரு ஜீவனத்துக்கு வழி காட்டியது அந்த ஏற்பாட்டின் பெருமை.

அரசாங்க விடுதி பதினெட்டு வயதுக்கு மேற்பட்டோரைச் சேர்க்காது. இருபதில் கணவனை இழந்தவள் எங்கே போவாள்? அவர்களுக்காக 1927-இல் சாரதா வித்யாலயம் விடுதியோடு கூடிய உயர்தரப் பள்ளியாக ஏற்பட்டது. 1938-இல் அது ராமகிருஷ்ண மிஷன் வசம் ஒப்புவிக்கப்பட்டது. தியாகராய நகரில் இன்றும் நடைபெறுகிறது. உத்தியோகத்தினின்று ஓய்வு பெற்றபின் 1942-இல், இடையிற் படிப்பு நின்றுபோன வயதுவந்த பெண்களுக்கென்று மயிலாப்பூரில் ஸ்ரீ வித்யா கலா நிலையத்தைத் தொடங்கினார். வயது கடந்த பெண்களுக்குச் சுருங்கிய காலத்திற் கல்வி புகட்டும் திட்டத்தை மத்திய சமூகநல வாரியம் ஏற்றது 1958-இலேதான். பதினாறு ஆண்டுகளுக்கு முன்னரே அக்குறையை உணர்ந்து ஒரு பள்ளியை நடத்திக் காட்டியவர் நம் அம்மையார்.

1952 முதல் 1956 வரை அவர் சென்னைச் சட்ட மேல்சபையில் அங்கத்தினர். அக்காலத்திலேதான் அவர் பார்வை நம் பக்கம் திரும்பியது. 1931-இல் மின்சார ரயில் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை ஓடத்தொடங்கியது. 1937-இற் கிறிஸ்தவக் கல்லூரியும் தாம்பரத்துக்கு வந்தது. ரயிலும் கல்லூரியும் வந்தனவேயன்றி, அண்டைக் கிராமத்துப் பெண்களின் வாழ்வு உடனே மாறிவிடவில்லை. பழைய சிவாலயமும் ஏரியும் உடைய மாடம்பாக்கத்தில் 1954-ஆம் ஆண்டு, பெண்களுக்கும் குழந்தைகளுக்குமாக ஒரு சமூக நல நிலையம் ஏற்படுவதில் அம்மையார் ஈடுபட்டு உழைத்தார். அப்போது அவருக்கு வயது அறுபத்தெட்டு. ஒரு குலத்து விதவைகள் நால்வரோடு எழும்பூர் வீட்டிற் தொடங்கிய பணி, முதுமையில் ஒரு கிராமத்துப் பெண்கள் அனைவரையும் நோக்கிச் சென்றதை எண்ணும்போது நம் உள்ளம் நெகிழ்கிறது.

1920-இல் கெய்ஸர்-இ-ஹிந்த் பதக்கமும், 1958-இல் பத்மஸ்ரீ விருதும் அவரை அடைந்தன. 1969-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 20-ஆம் தேதி அவர் காலமானார்.

மாடம்பாக்கம் 2021 முதல் தாம்பரம் மாநகராட்சியைச் சேர்ந்துவிட்டது. தலை மழித்த பால்ய விதவையை இன்று காண்பதில்லை. ஆயினும் வேறு வடிவிற் குறை நிற்கிறது. விவாகத்தாற் படிப்பை விட்டவர், கணவனை இழந்து நாற்பது வயதில் முதன்முறை வேலை தேடுபவர், ஒரு தேர்விலே தவறிப் பின் புத்தகத்தையே தொடாதவர் ஆகியோர் நம் தெருக்களிலும் நம் வீடுகளிலும் உளர். நம்மைப் போன்ற சங்கங்களோ பெரும்பாலும் முதல் வகுப்பில் தேறியவர்க்கே பரிசளித்து மகிழ்கின்றன. அவர்கள் நாம் அளிக்காவிடினும் முன்னேறுவர். பின்தங்கியவருக்கு வயதெல்லை பாராது ஒரு தொழிற்பயிற்சிக்குச் சம்பளம் கட்டவும், பயிற்சி முடிந்தபின் வேலைக்கு வழி காட்டவும் நம் நிதியில் ஒரு பகுதியை ஒதுக்குதல் தகும். அவ்வுதவி நம் குலத்து வாசலோடு நின்றுவிடாமல் அண்டை வீட்டையும் எட்டவேண்டும். இதனை அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் ஆலோசிக்குமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.