டாக்டர் மட்டும் போதுமா?
(ஐடா ஸ்கடர் அம்மையார் வாழ்க்கை)



போன வருஷம் எங்க ஆயா இடுப்பு எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் இருந்தாங்க. டாக்டர் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை வருவார். மத்த நேரமெல்லாம் ஒரு நர்ஸ் அக்காதான். ராத்திரியில் நான் கட்டில்களை எண்ணிப் பார்த்தேன். முப்பது கட்டில், ஒரே ஒரு நர்ஸ். அன்னைக்கு வந்த ஆர்வத்தில்தான் ஐடா ஸ்கடர் அம்மையாரைப் பற்றிப் படிச்சேன்.

அவங்க 1870 டிசம்பர் 9-ல் நம்ம பக்கத்து ராணிப்பேட்டையில் பிறந்தவங்க. அமெரிக்க மிஷனரி டாக்டர் குடும்பம். சின்ன வயசில் அவங்களுக்கு இந்த ஊரில் தங்கவே இஷ்டமில்லை. ஆனால் திண்டிவனத்தில் ஒரே ராத்திரியில் மூன்று பேர் வந்து, பிரசவ வேதனையில் துடிக்கும் தங்கள் மனைவிக்கு உதவி கேட்டாங்க. ஆண் டாக்டர் பார்க்கக் கூடாது என்பது அந்தக் காலத்து வழக்கம். ஐடாவோ டாக்டருக்குப் படிக்கவில்லை. காலையில் மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள். அந்த ராத்திரிதான் அவங்க மனசை மாற்றியது.

அமெரிக்கா போய் 1899-ல் டாக்டர் பட்டம் வாங்கினாங்க. 1900-ல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு வைத்தியம் ஆரம்பிச்சாங்க. 1902-ல் 40 படுக்கை ஆஸ்பத்திரி வந்தது. நம்ம குடியாத்தம் ரோட்டிலும் மருந்துப் பெட்டியோடு வருவாங்களாம். மரத்தடியில் ஜனங்க காத்திருப்பாங்களாம்.

அங்கேதான் ஒரு உண்மை புரிந்தது. ஆபரேஷன் செய்ய ஒரு டாக்டர் போதும். ஆனால் புண்ணுக்குக் கட்டு மாற்ற, காய்ச்சல் பார்க்க, ராத்திரி கண் விழிக்க எத்தனை கை வேண்டும்! அந்தக் காலத்தில் பிறர் உடம்பைத் தொட்டுச் செய்யும் வேலை கேவலம் என்று பல வீடுகளில் பெண்களை அனுப்பவில்லை. ஐடா அம்மையார் விடவில்லை. 1909-லேயே நர்ஸ் பயிற்சிப் பள்ளி தொடங்கினாங்க. பெண்களுக்கான மருத்துவப் பள்ளி வந்ததே 1918-ல்தான். எது முதலில் வந்தது பாருங்கள்!

அவங்க நினைத்தது எவ்வளவு சரி என்று பிறகு கணக்கே சொன்னது. 1943-ல் அரசு அமைத்த சர் ஜோசப் போர் குழு நாடு முழுக்க ஆராய்ந்து 1946-ல் அறிக்கை கொடுத்தது. 6,300 பேருக்கு ஒரு டாக்டர், 43,000 பேருக்கு ஒரு நர்ஸ்! 2011 கணக்கெடுப்பில் நம்ம ஊர் ஜனத்தொகை சுமார் 90 ஆயிரம். அந்தக் கணக்குப்படி குடியாத்தம் முழுசுக்கும் இரண்டே நர்ஸ்! அதே 1946-ல் வேலூரில் நர்சிங் பட்டப்படிப்பும் தொடங்கியது. ஐடா அம்மையார் 1960 மே 24-ல் கொடைக்கானலில் காலமானாங்க.

குறை இன்னும் தீரவில்லை. உலகம் முழுக்க 59 லட்சம் நர்சுகள் பற்றாக்குறை என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் கணக்கிட்டது. முதலில் எண்ண வேண்டும், அப்புறம்தான் எத்தனை பேருக்குப் பயிற்சி தர வேண்டும் என்பது தெரியும்.

இதை எழுத இன்னொரு காரணமும் இருக்கு. எங்க அக்கா பிளஸ் டூ முடிச்சிட்டு நர்சிங் சேரணும்னு சொல்றா. ராத்திரி டியூட்டி, கண்டவங்களையும் தொடணும்னு மாமா வேண்டாம்கிறார். நூறு வருஷத்துக்கு முன்னாடி சொன்ன அதே காரணம்! அப்பா ஆம்பூர் ஷூ கம்பெனியிலிருந்து வந்ததும் இந்தப் பக்கத்தை அவருக்குப் படிச்சுக் காட்டினேன். எதுவும் பேசலை. ஆயாதான், ராத்திரி ரெண்டு மணிக்குத் தனக்குத் தண்ணி கொடுத்தது யாருன்னு மாமாவைக் கேட்டாங்க.

நண்பர்களே, ஆஸ்பத்திரிக்குப் போனால் டாக்டருக்கு மட்டுமல்ல, நர்ஸ் அக்காவுக்கும் ஒரு நன்றி சொல்லுங்கள்.


– 9-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு