மட்குவளையில் தேநீர் அருந்திய ஆட்டக்காரர்

ஆண்டு மலரின் விளையாட்டுப் பக்கங்களுக்கு இம்முறை யாருடைய வாழ்க்கையை எழுதலாம் என்ற பேச்சு வந்தபோது, எங்கள் வகுப்பில் பலரும் ஜெஸ்ஸி ஓவன்ஸ் என்றே சொன்னார்கள். 1936-ஆம் ஆண்டு, ஹிட்லர் ஆண்ட ஜெர்மனியின் பெர்லின் நகரில், நீளந்தாண்டுதலில் தம்மை வென்ற கறுப்பின அமெரிக்கர் ஓவன்ஸை ஜெர்மானிய வீரர் லூஸ் லாங் எல்லார் கண் முன்னும் தழுவிப் பாராட்டிய வரலாறு அது. இருவரும் கைகோத்து நடந்தார்கள். லாங் 1943-இல் போரில் மடிந்தார். நெஞ்சை நெகிழ்விக்கும் வரலாறுதான். ஆனால் எத்தனையோ பள்ளி மலர்களில் அது வந்துவிட்டது. நம் நாட்டிலேயே அப்படி ஒருவர் இல்லையா என்று எங்கள் விளையாட்டு ஆசிரியை கேட்டார். தேடியபோது கிடைத்தவர்தான் பல்வங்கர் பாலு. கிரிக்கெட் என்றாலே நம் போடித் தெருக்களில் தம்பிமாருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். ஆயினும் இந்தப் பெயரை அவர்களில் ஒருவரும் அறிந்திருக்கவில்லை. ஒரு காலத்தில் இந்தியா முழுவதும் அறிந்த பெயர் அது.

பாலு 1876-ஆம் ஆண்டு தார்வாரில் பிறந்தவர். தோல் வேலை செய்வோர் என்றும், தீண்டத்தகாதோர் என்றும் அக்காலச் சமூகம் ஒதுக்கி வைத்திருந்த குலம். குடும்பம் பூனாவில் வாழ்ந்தது. அங்கே வெள்ளைக்காரப் படை அதிகாரிகள் ஆடிக் கழித்துப் போட்ட மட்டைகளையும் பந்துகளையும் கொண்டு பாலுவும் அவர் தம்பி சிவராமும் ஆடக் கற்றார்கள். பள்ளிப்படிப்பு நீளவில்லை, வீட்டுக்கு வருமானம் வேண்டியிருந்தது. பார்சிகளின் கிரிக்கெட் சங்கம் ஒன்றில் ஆடுகளத்தைப் பெருக்கி, உருளை இழுக்கும் வேலை கிடைத்தது. மாதச் சம்பளம் 3 ரூபாய். 1892-இல் வெள்ளையருக்கே உரிய பூனா கிளப்பில் 4 ரூபாய்க்குச் சேர்ந்தார். வலை கட்டுவது, களத்தைச் சமன் செய்வது, கோடு போடுவது எல்லாம் அவர் பொறுப்பு.

அந்தக் கிளப்பின் உறுப்பினர் ஒருவர், பயிற்சி வலையில் தமக்குப் பந்து வீசுமாறு ஒருநாள் பாலுவைக் கூப்பிட்டார். அதிலிருந்து பாலுவின் வேலை மாறிப்போயிற்று. அவர் இடது கையால் மெதுவாக வீசுபவர். வேகமாக வரும் பந்தைக் கண்டு அஞ்சலாம். மெதுவாக வருவதைக் கண்டு என்ன அச்சம் என்று நாம் நினைப்போம். அங்கேதான் சூது இருக்கிறது. ஒரே மாதிரிக் கையசைவில் ஒரு பந்து உள்ளே திரும்பும், அடுத்தது வெளியே போகும், மூன்றாவது திரும்பாமலே நேராக வந்து குச்சியைத் தட்டும். மட்டை பிடித்தவர் எண்ணிப் பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

பூனாவில் அந்நாளில் தலைசிறந்த மட்டையாளர் ஜான் கிளென்னி கிரெய்க் என்ற படை அதிகாரி. பெயரின் முன்னெழுத்துகளான ஜே.ஜி. என்பதையே திரித்து நண்பர்கள் அவரை ஜங்லி என்பார்களாம். உருவத்தில் சிறியவர், ஆட்டத்தில் பெரியவர். 1901-இல் இங்கிலாந்தில் ஹாம்ப்ஷயர் அணிக்காக லங்காஷயரை எதிர்த்து ஆட்டமிழக்காமல் 249 ஓட்டங்கள் எடுத்தவர். மற்றவர்கள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே கிரெய்க் களத்துக்கு வந்துவிடுவார். அங்கே பாலு ஒருவர்தான் இருப்பார். ஒருவர் வீச, ஒருவர் அடிக்க, நாள் தவறாமல் அந்தப் பயிற்சி நடந்தது. கிரெய்க்கை ஆட்டமிழக்கச் செய்யும் ஒவ்வொரு தடவைக்கும் பாலுவுக்கு எட்டணா கிடைத்தது என்று சொல்வார்கள். மாதம் 4 ரூபாய் வாங்குகிறவருக்கு எட்டணா சிறு தொகையன்று.

இந்த இடத்தில் எங்களுக்குள் பெரிய வாதம் நடந்தது. காசு கொடுத்துப் பந்து வீசச் சொன்னவரை நண்பர் என்று எப்படிச் சொல்வது என்று சிலர் கேட்டார்கள். இன்னொரு செய்தியும் அவர்கள் பக்கம் இருந்தது. அந்தக் கிளப்பில் பாலு நூற்றுக்கணக்கான மணி நேரம் பந்து வீசியிருக்கிறார். ஆனால் ஒரு நாளும் அவர் கையில் மட்டையைக் கொடுத்தவர் இல்லை. மட்டை பிடிப்பது கனவான்களின் உரிமை. பந்து வீசுவது வேலைக்காரனின் கடமை. அதை மறைத்துவிட்டு இந்த நட்பைப் புகழ்வது சரியாகாது. இருந்தாலும் எங்களில் மற்றவர்கள் சொன்னதையும் எழுதுகிறோம். ஒருவருடைய திறமையை நாள்தோறும் ஒரு மணி நேரம் எதிரே நின்று சோதித்துப் பார்ப்பவர், அவரை மதிக்காமல் இருக்க முடியாது. கிரெய்க்கால் பாலு வளர்ந்தார். பாலுவால் கிரெய்க்கும் வளர்ந்தார். ஏலக்காய்க் கிட்டங்கியில் சல்லடை காயின் பருமனைத்தான் பார்க்கும். பறித்தவர் யார் என்று அது கேட்பதில்லை. அந்த ஒரு மணி நேரமும் ஏறக்குறைய அப்படித்தான்.

பாலுவின் கைத்திறன் ஊர் முழுதும் தெரிந்துவிட்டது. பூனாவின் இந்துக்கள் வெள்ளையரோடு மோதத் தங்கள் அணியைத் திரட்டிக் கொண்டிருந்தார்கள். பாலுவைச் சேர்ப்பதா கூடாதா என்று அவர்களுக்குள் வழக்கு எழுந்தது. சேர்த்தால் வெல்லலாம், ஆனால் அவரைத் தொட வேண்டுமே! எதிரணிக்காரரான கிரெய்க்தான் அப்போது வாய் திறந்தார். இப்படிப்பட்ட பந்து வீச்சாளரை ஒதுக்கி வைப்பது இந்துக்களின் மடமை என்னும் பொருள்பட வெளிப்படையாகவே பேசினார். தம்மை வீழ்த்தத் தெரிந்தவரைத் தமக்கு எதிராக நிறுத்தும்படி அவர் பரிந்துரை செய்தார். நினைத்துப் பார்த்தால் இது சாதாரணக் காரியமன்று. நம் கோ-கோ ஆட்டத்தில், எதிரணியில் வேகமாக ஓடக்கூடிய பெண்ணை அவர்கள் உட்கார வைத்திருந்தால், அவளை இறக்குங்கள் என்று நாம் போய்ச் சொல்வோமா? சொல்ல மாட்டோம் என்று எங்களில் எல்லாருமே ஒப்புக்கொண்டோம்.

பாலு அணியில் சேர்க்கப்பட்டார். அவர் வீசிய பந்தை மேல்சாதிக்காரர்கள் தொட்டார்கள், பிடித்தார்கள், அதில் தீட்டு ஒன்றும் இல்லை. ஆனால் தேநீர் இடைவேளை வந்ததும் மற்றவர்கள் கொட்டகைக்குள் பீங்கான் கோப்பையில் அருந்த, பாலுவுக்கு வெளியே மட்குவளையில் தேநீர் வந்தது. குடித்ததும் அதை எறிந்துவிட வேண்டும். மதிய உணவும் தனி இடத்தில், தனித் தட்டில். முகம் கழுவ வேண்டுமென்றால் அவர் குலத்தைச் சேர்ந்த வேலையாள்தான் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுவார். காலையில் அவர் எடுத்த விக்கெட்டுகளுக்குக் கைதட்டிய அதே கைகள்!

இது எங்கேயோ மராட்டிய நாட்டில் நடந்தது என்று நாம் தள்ளிவிட முடியாது. டீக்கடையில் ஆணியில் தனியே தொங்கிய தம்ளரைப் பற்றி எங்கள் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். இப்போது மலைக்குப் போகும் வழியில் எல்லாக் கடையிலும் எல்லாருக்கும் காகிதக் குவளைதான். யார் குடித்தாலும் கசக்கி எறிய வேண்டியது. அது சமத்துவமா, குப்பையா என்று தெரியவில்லை. சென்னையிலும் ஆடுகளங்கள் பிரிந்தே இருந்தன. அங்கே வெள்ளையர் கிளப்பில் இந்தியருக்கு இடமில்லாததால், லஸ் பகுதியில் வாழ்ந்த புச்சி பாபு நாயுடு இந்தியருக்கென்று மெட்ராஸ் யுனைடெட் கிளப்பை ஏற்படுத்தினார். ஐரோப்பியரும் இந்தியரும் மோதும் ஆட்டத்துக்கு அவரே வழி செய்து, 1908-இல் அது நடக்கும் முன்னரே காலமானார். பிற்காலத்தில் அது பொங்கல் ஆட்டம் என்று சேப்பாக்கத்தில் பெரும் புகழ் பெற்றது.

பாலுவிடம் திரும்புவோம். பூனாவில் இருந்த அறிஞர் மகாதேவ கோவிந்த ரானடே, களத்தில் ஒன்றாக ஆடுகிறவர்கள் உணவிலும் ஒன்றாக இருக்கக் கூடாதா என்று அணியினரிடம் கேட்டதாகச் சொல்வார்கள். மெல்ல மெல்லக் கட்டுகள் தளர்ந்தன. பாலு பம்பாய்க்குச் சென்று, ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டே இந்து ஜிம்கானா அணியில் ஆடினார்.

1906 பிப்ரவரியில் பம்பாயில் இந்துக்களும் ஐரோப்பியரும் மோதினார்கள். வங்கப் பிரிவினையால் நாடே கொதித்துக்கொண்டிருந்த காலம் அது. சுதேசி இயக்கம் பரவிக்கொண்டிருந்தது. இந்துக்கள் 242 ஓட்டங்கள் எடுத்தார்கள், ஐரோப்பியர் 191. மறுபடி இந்துக்கள் 160. பின்னர் ஐரோப்பியர் 102 ஓட்டங்களில் சுருண்டார்கள். 109 ஓட்டங்கள் வித்தியாசத்தில் இந்துக்களுக்கு வெற்றி. பாலுவின் பந்து வீச்சு அந்த வெற்றியின் முதுகெலும்பு. ஆளும் இனத்தை ஆளப்படுகிற இனம் வென்றது என்று நாட்டில் பேச்சாயிற்று. அந்த ஆண்டுகளில் நடந்த இத்தகைய போட்டிகளில் கிரெய்க் ஐரோப்பியர் பக்கம் ஆடினார். பாலு இந்துக்கள் பக்கம். பூனாவின் காலை நேரத்தில் எதிரெதிரே நின்ற இருவரும் இப்போது பல்லாயிரம் பேர் முன்னிலையில் எதிரெதிரே நின்றார்கள். இங்கே எட்டணாப் பேச்சு இல்லை.

1911-இல் பாட்டியாலா மகாராஜா தலைமையில் இந்திய அணி இங்கிலாந்து சென்றது. பெரும்பாலான ஆட்டங்களில் அணி தோற்றது. ஆனால் 35 வயதான பாலு ஒருவரே 114 விக்கெட்டுகளைச் சாய்த்தார். திரும்பி வந்தபோது பம்பாயின் ஒடுக்கப்பட்ட மக்கள் அவருக்கு வரவேற்பு அளித்தார்கள். வாழ்த்துரையை எழுதியவர் இருபது வயது மாணவர் ஒருவர் என்பார்கள். அவர்தான் பிற்காலத்தில் நம் அரசியல் சட்டத்தை வகுத்த டாக்டர் அம்பேத்கர்.

சிவராம், விட்டல், கண்பத் என்று பாலுவின் தம்பிமார் மூவரும் சிறந்த ஆட்டக்காரர்கள். இவ்வளவு இருந்தும் அணித் தலைமை மட்டும் பாலுவுக்குக் கிடைக்கவே இல்லை. 1920-இல் அவரை அணியிலிருந்தே நீக்கினார்கள். தலைவராக அறிவிக்கப்பட்ட எம்.டி. பாய் நோயுற்றபோது, தகுதியுள்ள விட்டலைத் தாண்டி வேறொருவருக்குப் பொறுப்பைக் கொடுத்தார்கள். விட்டலும் சிவராமும் காரணத்தை ஊரறியச் சொல்லிவிட்டு விலகிக்கொண்டார்கள். அதன் பிறகுதான் குழுவினர் இறங்கி வந்தார்கள். பாய் தலைவராகத் திரும்பினார். பாலு துணைத் தலைவரானார். ஆட்டத்தின்போது பாய் சற்று நேரம் களத்தை விட்டு வெளியே போனார். பாலு அணியை நடத்தினார். பாய் உயர்ந்த சாதியில் பிறந்தவர். அந்தச் சிறிது நேரத்தை அவர் விட்டுக் கொடுத்ததை நாங்கள் பெரிதாகவே எண்ணுகிறோம். மூன்றாண்டு கழித்து, 1923-இல், விட்டலே அணித்தலைவராகி ஐரோப்பியரை வென்றார். மக்கள் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள்.

ஆட்டம் முடிந்தபின் பாலுவை அரசியல் அழைத்தது. 1932-இல் காந்தியடிகள் எரவாடா சிறையில் உண்ணாவிரதம் இருந்தபோது ஏற்பட்ட பூனா ஒப்பந்தத்தில், நம் சென்னையைச் சேர்ந்த எம்.சி. ராஜாவைப் போல் பாலுவும் கையொப்பமிட்டார். அம்பேத்கரின் வழியும் பாலுவின் வழியும் பிரிந்தன. 1937 தேர்தலில் காங்கிரஸ் பாலுவையே அம்பேத்கருக்கு எதிராக நிறுத்தியது. ஒரு காலத்தில் தமக்கு வாழ்த்துரை எழுதியவரிடம் பாலு சுமார் 2000 வாக்குகளில் தோற்றார். எந்த வழி சரி என்று தீர்ப்புச் சொல்ல எங்களுக்கு வயது போதாது. இருவரும் ஒரே மக்களுக்காகத்தான் நின்றார்கள்.

கிரெய்க் படைப் பணியிலிருந்து ஓய்வு பெற்றுத் தாயகம் திரும்பினார். சில ஆண்டுகள் ஹாம்ப்ஷயர் அணியின் செயலாளராக இருந்தார். பிறகு எவரும் எதிர்பாராத ஒன்றைச் செய்தார். முதிர்ந்த வயதில் இறையியல் பயின்று கத்தோலிக்கக் குருவானார். இதைக் கேட்டதும் எங்கள் அருட்சகோதரிகளுக்கு உண்டான வியப்பை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. பாலு 1955 ஜூலை 4-ஆம் நாள் பம்பாயில் காலமானார். மூன்றாண்டு கழித்து, 1958-இல், அருட்தந்தை கிரெய்க் இங்கிலாந்தில் இறைவனடி சேர்ந்தார்.