பண்டித ரமாபாய் அம்மையார்

மாதர்க்கு உரியது இது, உரியதன்று இது என வரையறுப்பதில் உலகத்துச் சமூகங்கள் தம்முட் பெரிதும் மாறுபடுவன. ஒரு நாட்டார் இயல்பென மதிப்பதை மற்றொரு நாட்டார் இழுக்கென விலக்குவர். இவ்வேறுபாட்டை நூல்வழியாக அறிந்தோர் பலர். பாரதநாடு, இங்கிலாந்து, அமெரிக்கா ஆகிய மூன்றிடத்தும் தம் வாழ்வையே உரைகல்லாகக்கொண்டு அறிந்தோர் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவரான பண்டித ரமாபாய் அம்மையாரின் வரலாற்றை இச்சஞ்சிகை வாயிலாக எடுத்துரைக்க விழைகின்றோம்.

அம்மையார் 1858-ஆம் ஆண்டு ஏப்பிரல் 23-ஆம் நாள், மேற்குத் தொடர்ச்சி மலையில், இன்று கருநாடக மாநிலத்தைச் சேர்ந்த கங்காமூலம் என்னும் காட்டிடத்தே பிறந்தார். தந்தையார் அனந்த சாஸ்திரி டோங்கரே என்னும் சித்பாவன அந்தணர். இவர் இளமையிற் பூனாவிற் பயின்ற காலத்தில், இவருடைய ஆசிரியர் பேஷ்வாவின் அரண்மனையில் அரசிக்கு வடமொழி கற்பித்து வந்தார். பெண்ணொருத்தியின் நாவில் சுலோகம் ஒலித்தது சாஸ்திரியார்க்கு வியப்பை விளைத்தது. தம் மனைவிக்கும் அதனைக் கற்பிப்பதென அன்றே துணிந்தார். பிற்காலத்தில் அவ்வாறு செய்யத் தொடங்கியபோது சுற்றத்தார் சினந்தனர். சமயத் தலைவர்கள் காரணம் வினவினர். சாஸ்திரியார் நூல்களைக் காட்டி விடையிறுத்தாராயினும், ஊரவர் பகையைத் தவிர்க்கக் காட்டிற் குடிசை அமைத்துக்கொண்டார். இலட்சுமிபாய் என்னும் இளமனைவி அங்கே கற்றுத் தேர்ந்தார்.

ரமாபாய் ஆறு திங்கட் குழவியாய் இருந்தபோது அக்குடும்பம் தீர்த்த யாத்திரை புறப்பட்டது. குழந்தையைக் கூடையில் வைத்துச் சுமந்து சென்றனராம். கோயில்களிலும் ஆற்றங்கரைகளிலும் புராணம் படித்து, கேட்போர் அளிப்பதைக்கொண்டு வாழ்ந்தனர். ஒருநாளேனும் பள்ளி சென்றறியாத அம்மகளுக்குத் தாயே ஆசிரியர். வீட்டுவேலை தொடங்குமுன், வைகறைப் பொழுதில் உறங்கும் மகளை அன்புடன் எழுப்பிப் பாடஞ் சொல்லுவார். பன்னிரண்டு வயதிற்குள் பாகவதத்தின் பதினெண்ணாயிரம் சுலோகங்களையும் ரமாபாய் மனனஞ் செய்தார் என்பர். மூத்த மகளைக் குழந்தைப் பருவத்தில் மணஞ்செய்து கொடுத்ததால் விளைந்த துயரைக் கண்டிருந்த பெற்றோர், இளைய மகளை மணஞ்செய்யாமலே வைத்திருந்தனர். அக்காலத்து அந்தணர் குடியில் இஃது எத்துணைப் பெரிய மீறல் என்பதை நம் பாட்டியார் காலத்துச் செய்தியறிந்தோர் உணர்வர்.

1870-களில் தென்னாட்டை வருத்திய பஞ்சம் இக்குடும்பத்தைச் சூறையாடிற்று. பொருளனைத்தும் நோன்பிலும் தானத்திலும் செலவாகியிருந்தது. கூலிவேலை செய்யவோ இரக்கவோ அவர்கள் அறியார். திருப்பதிப் பக்கத்துக் காட்டில் நீரும் இலையும் சில காட்டுப் பழங்களுமே உணவாகப் பதினொரு நாள் கழித்தனர். தந்தையார் முதலில் இறந்தார், பின்னர்த் தாய், பின்னர்த் தமக்கை. எஞ்சிய ரமாபாயும் தமையனார் சீனிவாசரும் வடநோக்கி நடந்தனர். காசுமீரம் வரையிற் சென்ற அந்நடை ஈராயிரம் மைலுக்கு மேற்பட்டது. குளிரால் நடுங்கிய ஓரிரவு, ஆற்று மணலிற் குழிதோண்டிக் கழுத்தளவு புதைந்து அவர்கள் உறங்கியதுண்டு.

1878-ஆம் ஆண்டில் இருவரும் கல்கத்தா அடைந்தனர். இருபது வயது மங்கை ஒருத்தி வடமொழியில் தடையின்றி உரையாடக் கேட்ட பண்டிதர்கள் வியந்து, அவருக்குப் பண்டிதை என்றும் சரஸ்வதி என்றும் பட்டமளித்தனர். அப்பண்டிதருட் சிலரே, அந்தப்புரத்து மாதர்க்குச் சாஸ்திரங் கூறும் கடமைகளை எடுத்துரைக்குமாறு அவரை வேண்டினர். அம்மையார் அதற்காகத் தர்ம நூல்களை முதன்முறையாக ஆழ்ந்து கற்றார். ஒன்றற்கொன்று முரண்படும் அந்நூல்கள் இரண்டு செய்திகளில் மட்டும் முரணின்றி நிற்பதை அவர் கண்டார்: பெண்பிறவி இழிந்தது, ஆடவரைப்போல் அவர் நேரே வீடுபேறு அடையலாகாது. பெண்களுக்கு எடுத்துரைக்க வேண்டிப் படித்த நூல், படித்தவரின் நம்பிக்கையையே அசைத்துவிட்டது. கேசவசந்திர சேனர் பெண்களுக்கு விலக்கப்பட்ட வேதத்தையே அவர் கையிற் கொடுத்துப் படிக்கத் தூண்டியதும் இக்காலத்தேயாம்.

தமையனார் 1880-ஆம் ஆண்டில் டாக்காவில் இறந்தார். அவ்வாண்டே அம்மையார் விபினபிகாரி தாசர் என்னும் வங்காள வழக்கறிஞரைப் பதிவுமணம் செய்துகொண்டார். கணவர் வேறு மொழியினர். சாதியாற் சூத்திரர் எனப்பட்டவர். 1881-இல் மனோரமா என்னும் மகள் பிறந்தாள். 1882-ஆம் ஆண்டு பிப்ரவரியில் வாந்திபேதி கணவரைக் கொண்டுபோயிற்று. இருபத்துமூன்று வயதில் கைக்குழந்தையுடன் கைம்பெண்ணாகி நின்றார் அம்மையார்.

கைம்மை என்பது அந்நாள் மராட்டிய அந்தணர் இல்லங்களில் யாதென்று இளைய மாணாக்கர்க்குச் சிறிது கூறுதல் வேண்டும். கணவன் முகத்தையேனும் நன்கறியாத சிறுமியும், அவன் இறந்தாற் கைம்பெண்ணே. தலை மழிக்கப்படும், அணிகள் களையப்படும், உணவு ஒருவேளை, மங்கல நிகழ்ச்சிகளில் அவள் முகத்தில் விழித்தல் தீநிமித்தம். தலைமயிரோடும் நூலறிவோடும் பூனாவில் வந்திறங்கிய ரமாபாயைக் கண்டு ஊரார் முகஞ்சுளித்ததில் வியப்பில்லை. சீர்திருத்தம் விரும்பிய ரானடே முதலியோர் அவரை வரவேற்றனர். அவர் 1882-இல் ஆரிய மகளிர் சமாஜத்தை நிறுவினார். ரானடேயின் மனைவியார் பெயரும் ரமாபாயே. அவரும் இச்சமாஜத்தில் ஊக்கமுடன் கலந்துகொண்டார். இவ்விருவரையும் ஒருவரென மயங்குவாரும் உளர்.

அவ்வாண்டிலேயே ஹண்டர் கல்விக் கமிஷன் பூனாவிற்கு வந்தது. அதன்முன் அம்மையார் அளித்த சாட்சியம் படித்தறியத் தக்கது. கற்ற ஆடவர் நூற்றுவரில் தொண்ணூற்றொன்பதின்மர் பெண்கல்விக்கு மாறானவர் என்றும், பெண்பாலிடத்துக் கடுகளவு குற்றங் காணினும் அதனை மலையளவாக்குவர் என்றும் அவர் தயங்காது கூறினார். பெண்கள் தம் நோயை ஆடவரிடம் உரைக்க நாணி மாய்வதால் பெண் மருத்துவர் வேண்டும் என்றும் வற்புறுத்தினார். 1885-இல் டஃபரின் சீமாட்டியார் பெண்களின் மருத்துவ உதவிக்கென நிதி தொடங்கியதற்கு இச்சாட்சியமும் ஒரு தூண்டுகோல் என்பர்.

மருத்துவம் பயிலும் அவாவோடு அம்மையார் 1883-இல் இங்கிலாந்து சென்றார். மராத்தியில் தாம் எழுதிய ஸ்திரீ தர்ம நீதி என்னும் நூலை விற்ற பணம் கப்பற் செலவிற்கு உதவிற்று. வான்டேஜ் என்னும் ஊரிற் கன்னிமடத்துச் சகோதரிகளிடம் தங்கினார். அவ்வாண்டு செப்டம்பர் 29-ஆம் நாள் ஞானஸ்நானம் பெற்றார். செவிப்புலன் குறைந்து வந்தமையால் மருத்துவக் கல்வி கைகூடவில்லை. ஆகவே செல்ட்டன்ஹாம் மகளிர் கலாசாலையில், டாரதி பீல் அம்மையாரின்கீழ், ஆங்கிலமும் கணிதமும் அறிவியலும் கற்று, வடமொழி கற்பித்தும் வந்தார்.

இங்கே நிகழ்ந்த ஒன்றில் நாம் சற்றுத் தங்கி நிற்றல் தகும். அக்கலாசாலையில் அவர் ஆடவர்க்கும் பாடஞ் சொல்லலாம் என்னும் பேச்சு எழுந்தது. இந்தியாவிற் பணியாற்றிய அத்தியட்சர்களின் கருத்துக் கேட்கப்பட்டது. பெண்ணொருத்தி ஆடவர்க்குக் கற்பித்தல் தகாது, அஃது இந்தியாவில் அவர் மதிப்பைக் கெடுக்கும் என்று அவர்கள் எழுதினர். அம்மையார்க்கு இது பெருவியப்பாயிற்று. தம் தாய் ஆண் மாணாக்கர்க்குக் கற்பித்ததைத் தந்தையார் தடுக்கவில்லை. தாம் ஆடவர் அவைகளிற் சொற்பொழிவாற்றியதைக் கணவர் தடுக்கவில்லை. பெண்ணுரிமையில் முன்னேறியதெனத் தன்னைக் கருதிக்கொண்ட நாட்டார் தடுக்கின்றனரே என்று அவர் மறுமொழி எழுதினார். கழுத்தில் அணியக் கொடுத்த சிலுவையில் இலத்தீன் வாசகம் இருந்ததையும் அவர் வினவாது விட்டாரல்லர். வடமொழியினும் அம்மொழி எவ்வாற்றாற் சிறந்தது என்று கேட்டார். புலால் உண்ணாமையையும் அங்கே கைவிடவில்லை. சமயத்தை ஏற்றுக்கொண்டவர் தம் அறிவை அடகுவைத்தாரல்லர் என்பதை அவருடைய கடிதங்கள் காட்டுகின்றன. அவரை அன்புடன் ஆதரித்த சகோதரிகளுக்கு இது பிடிவாதமாகத் தோன்றிற்று. நமக்கு அவ்வாறு தோன்றவில்லை.

1886-ஆம் ஆண்டு மார்ச்சில், அவர்தம் உறவினரான ஆனந்திபாய் ஜோஷி பிலடெல்பியா மகளிர் மருத்துவக் கலாசாலையிற் பட்டம் பெறும் விழாவிற்காக அம்மையார் அமெரிக்கா சென்றார். பட்டம் பெற்ற ஆனந்திபாய் நோயுடன் தாய்நாடு திரும்பி, 1887-இல் இருபத்திரண்டு வயது நிறையுமுன் உயிர்நீத்தார். அம்மையாரோ ஏறத்தாழ மூன்றாண்டுகள் அந்நாடெங்கும் சுற்றிச் சொற்பொழிவாற்றினார். இந்து உயர்குல மாதர் நிலைபற்றி ஆங்கிலத்தில் அவர் எழுதி 1887-இல் வெளியிட்ட நூல் ஆயிரக்கணக்கில் விற்பனையாயிற்று. அவ்வாண்டு டிசம்பரிற் பாஸ்டன் நகரில் அவர் பெயராற் சங்கம் ஒன்று கூடி, இந்தியாவில் அவர் நிறுவவிருக்கும் கைம்பெண் இல்லத்திற்குப் பத்தாண்டு பொருளுதவி செய்ய உறுதியளித்தது.

அமெரிக்க மாதர் மருத்துவராகவும் ஆசிரியராகவும் சங்கத் தலைவராகவும் விளங்கியது அவரைப் பெரிதும் கவர்ந்தது. ஆயினும் கண்ணை மூடிக்கொண்டு புகழவில்லை. 1889-இல் அந்நாட்டைப்பற்றி மராத்தியில் வெளியிட்ட நூலில், அம்மாதர்க்கு நாட்டின் பொதுத்தேர்தலில் வாக்குரிமை இல்லாமையையும், ஒரே வேலைக்கு ஆடவரினுங் குறைந்த ஊதியமே பெறுவதையும், நிறவேற்றுமையின் கொடுமையையும் எழுதினார். கலாசாலை வாயில்களை அவர்கள் போராடித் திறந்ததையும் எழுதினார். ஐரோப்பியர் நம் நாட்டைக் கண்டு நூலெழுதிய காலத்தில், நம் பெண்ணொருவர் அவர்கள் உலகைக் கண்டு எழுதிய நூல் அது.

1889-ஆம் ஆண்டு மார்ச் 11-ஆம் நாள் பம்பாயிற் சாரதா சதனம் திறக்கப்பட்டது. தொடக்கத்தில் இரண்டே மாணவியர். ஒருத்தி கைம்பெண்ணான கோதுபாய். இவரையே 1893-இற் கார்வே மணந்தார். 1916-இல் மகளிர்க்கெனப் பல்கலைக்கழகம் கண்ட பெரியார் அவர். சதனம் 1890-இற் பூனாவிற்கு மாறிற்று.

1893-இற் புயல் எழுந்தது. சமயப் பிரசாரமின்றி இல்லத்தை நடத்துவதென்பது அம்மையார் அளித்த வாக்கு. அதிகாலையில் அவர் தம் அறையிற் செபிக்கும்போது கதவு திறந்திருக்கும். விரும்பிய சிறுமியர் உட்சென்று அமர்வர். இது மறைமுக மதமாற்றம் என்று திலகரின் கேசரி தாக்கிற்று. ரானடே, பண்டார்க்கர் முதலிய ஆலோசகர் விலகினர். இருபதின்மேற்பட்ட மாணவியரைச் சுற்றத்தார் அழைத்துச் சென்றனர். பொறுப்பை நம்பி மகளிரை ஒப்படைத்தோரின் அச்சத்தைப் பொய்யென்று தள்ளுதல் நேர்மையாகாது. எனினும், அழைத்துச் செல்லப்பட்ட சிறுமியர் விருப்பம் யாதென்று அன்று கேட்டவர் ஒருவருமிலர். கதவை மூடுதற்கு அம்மையார் இசையவில்லை.

1896-இல் மத்திய மாகாணத்திற் பஞ்சம் தோன்றியது. இலையுண்டு கழித்த இளமை நினைவு அவரை வீட்டில் இருக்கவிடவில்லை. நேரிற் சென்று முந்நூற்றுவரளவான பெண்களை அழைத்துவந்தார். பூனாவிலோ பிளேக் நோய். ஆகவே கேட்காம் என்னும் ஊரில் தாம் வாங்கியிருந்த நிலத்திற் கூடாரமடித்து அவர்களைக் குடியேற்றினார். முக்தி என அது பெயர் பெற்றது. 1897-இற் பிளேக் மருத்துவமனையிற் பெண்கள் நடத்தப்பட்ட முறையைக் கண்டித்து அவர் பத்திரிகைக்கு எழுதிய கடிதம் ஆங்கிலப் பார்லிமெண்டு வரையில் எட்டியது. 1900-ஆம் ஆண்டின் குஜராத்துப் பஞ்சத்திற்குப்பின், முக்தியில் ஏறத்தாழ ஈராயிரவர் இருந்தனர். உழவு, நெசவு, எண்ணெயாட்டல், பால்பண்ணை, தையல், அச்சு ஆகிய தொழிலெல்லாம் பெண்களே செய்தனர். குருடர்க்குப் படிப்பும் தொழிலும் கற்பிக்கப்பட்டன.

முதுமையில் எபிரேயமும் கிரேக்கமும் கற்று, வேதாகமத்தை மராத்தியில் மொழிபெயர்க்கலானார். அப்போதிருந்த மொழிபெயர்ப்பின் வடமொழி நடை, எழுத்தறியத் தொடங்கிய ஏழைப் பெண்களுக்கு எட்டவில்லை. பதினெண்ணாயிரம் சுலோகம் மனனஞ்செய்தவர் அந்நடையைத் தாமே களைந்து, அடுக்களையிற் பேசும் எளிய மராத்தியில் எழுதினார். 1919-இல் அரசினர் அவருக்குக் கெய்சரி ஹிந்த் பதக்கம் அளித்தனர். தமக்குப்பின் முக்தியை நடத்துவார் என நம்பியிருந்த மகள் மனோரமா 1921-இல் இறந்தார். தாய் அதன்பின் ஓராண்டும் வாழவில்லை. 1922-ஆம் ஆண்டு ஏப்பிரல் 5-ஆம் நாள் கேட்காமில் உயிர்நீத்தார்.

மொழிபெயர்ப்பு அவர் மறைந்து ஈராண்டு கழித்து, 1924-இல் முக்தி அச்சுக்கூடத்தினின்று முழுமையாக வெளிவந்தது. அதற்கு எழுத்துக் கோத்தவரும், தாள் மடித்தவரும், கட்டடஞ் செய்தவரும் பஞ்சத்தினின்றும் கைம்மையினின்றும் அங்கு வந்து சேர்ந்த பெண்களே.