ஊரையே ஆட வச்ச சந்திரபாபு: கடைசியில் வீடும் மிஞ்சலை!

விருத்தாசலம்: பீங்கான் சூளை வேலை முடிஞ்சு வீட்டுக்கு வந்து டி.வி.யைப் போட்டால், கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒல்லியா ஒருத்தர் கோட்டு சூட்டில் வளைஞ்சு நெளிஞ்சு ஆடுவார். குரலை மேலே தூக்கி, சட்டுனு கீழே இறக்கிப் பாடுவார். அவர்தான் ஜே.பி.சந்திரபாபு.

தூத்துக்குடியில் 1927-ல் மீனவக் கிராமத்துக் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். அப்பா ரோட்ரிக்ஸ் சுதந்திரப் போராட்ட வீரர். குடும்பம் இலங்கைக்குப் போனதால் பாபு படித்தது கொழும்பில். மேல்நாட்டுப் பாட்டு மீது அவருக்குக் கொள்ளை ஆசை. 'யோடலிங்' என்ற அந்தக் குரல் வித்தையைத் தமிழ் சினிமாவில் பிரபலமாக்கியவர் இவர்தான்.

சென்னை வந்தவருக்கு சினிமா சுலபமா கதவைத் திறக்கலை. முதல் படம் 1947-ல் வந்த 'தன அமராவதி'. அதற்குப் பிறகும் வாய்ப்பு இல்லை. மனசு உடைஞ்சு ஜெமினி ஸ்டூடியோவில் உயிரை விடவே துணிஞ்சார். நல்லவேளை, பிழைத்துக்கொண்டார்.

அப்புறம் ஏறுமுகம்தான். 'பெண்' (1954) படத்தில் எஸ்.பாலசந்தருக்குக் குரல் கொடுத்தார். 'புதையல்' (1957), 'மரகதம்' (1959), 'அன்னை' (1962) படங்களின் பாட்டுகள் பட்டிதொட்டியெல்லாம் ஒலித்தன. காமெடியனுக்கு வேற ஒருத்தர் பின்னணி பாடும் வேலையே இல்லை, தன் பாட்டைத் தானே பாடினார். 'சபாஷ் மீனா'வில் (1958) இரட்டை வேடம். அதில் மெட்ராஸ் பாஷை பேசும் ரிக்‌ஷாக்காரராக வெளுத்துக் கட்டினார். அந்தப் படம் 1962-ல் இந்திக்குப் போனபோது, அவர் இடத்தில் நடித்தவர் மெகமூத்.

கல்யாண வாழ்க்கை மட்டும் நிலைக்கலை. அடுத்த அடி சினிமாவிலேயே விழுந்தது. எம்.ஜி.ஆரை வைத்து 'மாடி வீட்டு ஏழை' என்ற படத்தைத் தானே இயக்க ஆரம்பித்தார். படம் பாதியில் நின்றது. கடன் கழுத்தை நெரிக்க, ஆசையாகக் கட்டிய வீடும் கைவிட்டுப் போனது. படத்தின் பெயரே அவர் கதையாகிப் போச்சு.

ஆனாலும் மனுஷன் முடங்கலை. 1966-ல் 'தட்டுங்கள் திறக்கப்படும்' படத்தை இயக்கி நடித்தார். 1969-ல் அதே எம்.ஜி.ஆரோடு 'அடிமைப்பெண்'ணில் சேர்ந்து நடித்தார். ஆனால் பழைய மவுசு திரும்பலை. குடிப்பழக்கம் உடம்பை அரித்தது. 1974 மார்ச் 8-ல் கண்ணை மூடினார். வயசு 46 தான்.

சம்பாதிச்ச காசும் வீடும் போயிருச்சு. அந்தக் குரலை மட்டும் எந்தக் கடன்காரனாலும் எடுத்துப் போக முடியலை.